மூன்று பர்லாங்கும் ஒரு சிவப்பு அட்டையும்

1

சவரிமுத்து கடிதம் எழுதினால் இரண்டு பக்கம் நலம் விசாரிப்பான், கடைசி நாலு வரியில் வேலை வைப்பான். எப்போதுமே அவன் வழக்கம் அது. எங்கள் ஊருக்குப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் இப்போது அவன் தலைமை ஆசிரியர். பள்ளி ஆண்டுமலரில் 'இளைஞர் பார்வையில் நாளைய நாடு' என்று ஒரு பகுதி வரப்போகிறதாம். "நீ பதின்மூன்று வருடமாக வெளிநாட்டில் இருப்பவன், நாலும் பார்த்தவன். நம் நாட்டுக்கு வரப்போகிற சவால்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஆலோசனையாக நாலு வார்த்தை எழுது" என்று கேட்டிருந்தான்.

நாலும் பார்த்தவனாம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன், பினாங்கில் இறங்கினேன், ரயிலும் லாரியும் மாறி இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்தேன். வந்த நாள் முதல் தோட்ட ஆபீசில் கிராணி வேலை. கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. விடிகாலையில் பால்வெட்டுக்குப் போகிறவர்களைக் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது, யார் எந்த நிரையில் மரம் சீவினார்கள் என்று எழுதுவது, பிற்பகலில் அவர்களுடைய கடிதம், மனு, பாரம் எல்லாம் பூர்த்தி செய்து கொடுப்பது. நான் பார்த்த உலகம் அவ்வளவுதான். கடிதத்தைப் படித்ததும் ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல்.

ஆனால் கூடவே அவன் ஒரு தாள் வைத்திருந்தான். தன் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம், "இன்னும் பத்து வருடத்தில் நம் நாட்டுக்குப் பெரிய சவால் எது?" என்று கேட்டு, வந்த பதில்களைத் தன் மணியான கையெழுத்தில் எழுதியிருந்தான். ஒரு பையன் 'அரிசி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். இன்னொருவன், படித்து முடித்தாலும் வேலை இல்லை, வேலை இல்லாதவனுக்குப் படிப்பு எதற்கு என்று அரைப்பக்கம் கோபமாக எழுதியிருந்தான். மழை என்று மூன்று பேர். மொழி என்று பலர். ஒரு பெண் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: 'எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் பஸ் வருகிறது. நாங்கள் கை காட்டினால் நிற்பதில்லை. ஊர்க்காரர்கள் காட்டினால் நிற்கிறது.'

அந்த வரியைப் படித்த பிறகு எனக்குச் சிரிப்பும் இல்லை, எரிச்சலும் இல்லை. எழுதியே ஆக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலை பேனாவில் மை ஊற்றி, 'நம் நாட்டின் இளைஞர்களே' என்று ஆரம்பித்தேன். அப்போது என் மகள் வசந்தா வந்து, நான் எழுதிய தாளின் மேலேயே இன்னொரு தாளை வைத்தாள்.

"அப்பா, இதை முதல்ல பாருங்க. மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும்."

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கான விண்ணப்பம். எல்லாக் கட்டத்தையும் அவளே நிரப்பியிருந்தாள். ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. குடியுரிமை.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது, சொல்கிறேன். இங்கே பன்னிரண்டு வயது ஆன எல்லோரிடமும் ஓர் அடையாள அட்டை இருக்கும். இந்நாட்டுக் குடிமக்களுக்கு நீல அட்டை. மற்றவர்களுக்குச் சிவப்பு அட்டை. எங்கள் வீட்டில் மூன்றும் சிவப்பு. வசந்தா திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், மூன்று வயசில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து கப்பலில் வந்தவள். நான் குடியுரிமை வாங்கினால் அவளையும் என் பிள்ளை என்று பதிந்துகொள்வார்கள். நான் வாங்காவிட்டால் அவளுக்கும் இல்லை. கல்லூரியில் நீல அட்டைக்காரர்களைத்தான் எடுப்பார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்ட ரசீதாவது காட்ட வேண்டும் என்று அவள் பள்ளித் தலைமையாசிரியை சொல்லி அனுப்பியிருந்தார்.

இதில் என் வண்டவாளம் ஒன்று இருக்கிறது. இந்தத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியுரிமை வாங்கியவர்களில் பாதிப்பேருக்குப் பாரம் எழுதிக் கொடுத்தவன் நான். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு, எந்தத் திருவிழாவுக்கு எத்தனை நாள் முன்னே என்று கேட்டுக் கணக்குப் பண்ணி எழுதியிருக்கிறேன். வந்த கப்பலின் பெயர் மறந்தவர்களுக்குப் பழைய பேரேட்டைப் புரட்டித் தேடியிருக்கிறேன். மலாய்ப் பரீட்சைக்குப் பயந்து நடுங்கிய கிழவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறேன். என் பாரம் மட்டும் மேஜை இழுப்பறையில் நாலு பிரதியோடு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

என் மனைவி ராஜம்மாள் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். அவள் திண்டுக்கல் டவுன்காரி. கோபம் வந்தால் பதின்மூன்று வருடத்து மலேயாத் தமிழ் உதிர்ந்து பிறந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"ஊருல அம்புட்டுப் பேருக்கும் எழுதிக் குடுத்தீக. பெத்த புள்ளைக்கு எழுத மட்டும் கை வரலையாக்கும்?"

"எழுத மாட்டேன்னு சொன்னேனா?"

"எழுதுறேன்னும் சொல்லலையே. அது என்ன, முட்டைய அடைகாக்குற மாதிரி அந்த டிராயருக்குள்ள வச்சிருக்கீக?"

அடுத்த வருஷம் ஊருக்கே போய்விட்டால் இதெல்லாம் எதற்கு என்று முனகினேன். அதைக் கேட்ட வசந்தா சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல.

"ஒவ்வொரு வருஷமும் நமக்கு அடுத்த வருஷம்தாம்பா" என்றாள்.

3

நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பதை அவளுக்குச் சொன்னதில்லை. சவரிமுத்துவுக்குத் தெரியும். அவனுடைய மாணவர்களுக்குத் தெரிந்தால் நல்லது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் இருக்கும். முதல் தேர்தல் முடிந்திருந்தது. எனக்கும் சவரிமுத்துவுக்கும் இருபது வயசு தாண்டியிருக்கும். அவன் அப்போதுதான் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கு வாத்தியாராக வந்திருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் வாலிபர் சங்கம் கூடுவோம். நாட்டை நாங்கள்தான் தூக்கி நிறுத்த வேண்டும் என்று உண்மையாகவே நம்பினோம். ரேஷன் அரிசி ஒழிய வேண்டும், அணை கட்ட வேண்டும், ஆலை வர வேண்டும், பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை பேசுவோம். நான் செயலாளர். எல்லோருடைய கருத்தையும் நோட்டில் எழுதுவேன்.

பேசிப் பேசி, கடைசியில் ஒரு வேலையைக் கையில் எடுத்தோம். எங்கள் ஊர் கரிசல் பூமி. மழை விழுந்தால் வண்டிச் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். வெங்காயமும் பூவும் திண்டுக்கல் சந்தைக்குப் போகாமல் வண்டியிலேயே அழுகும். மெயின் ரோட்டிலிருந்து ஊர்வரைக்கும் நாமே ரோடு போடுவது என்று தீர்மானம். மண்வேலையை மக்கள் செய்தால் சரளையும் குழாயும் அரசாங்கம் தரும் என்று திட்ட அதிகாரி சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கம் பொதுவேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்மாய் வாய்க்கால் தூர் எடுக்க வேண்டும் என்றால் தமுக்கடித்து, 'வீட்டுக்கு ஒரு ஆள்' என்பார்கள். அப்படிச் சொன்னால் ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கிற சேரி வீடுகளும் அதில் சேர்த்தி. ஆகவே நான் ஆள் பட்டியல் எழுதியபோது அவர்களையும் வீடு தவறாமல் எழுதினேன். பிறகு ரோட்டுக்கு வரைபடம் போட்டேன். கமலைக் கயிற்றை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டிலிருந்து அளந்து வந்தோம். பிள்ளையார் கோயில் வந்ததும் நிறுத்தினோம். எங்கள் ஊரில் எதை அளந்தாலும் பிள்ளையார் கோயிலில்தான் முடிப்பார்கள். தேர் அங்கே திரும்பும், கூட்டம் அங்கே கூடும், விருந்தாளியை வழியனுப்ப அதுவரைதான் வருவோம். சேரி அங்கிருந்து இன்னும் மூன்று பர்லாங்.

இரண்டு கோடை மாதம், ஒரு ஞாயிறு விடாமல் மண் சுமந்தோம். எங்கள் எல்லோரையும்விட அதிகம் சுமந்தவன் முனியாண்டி. சேரிக்காரன், திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. ஆறு நாள் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற காலோடு சனிக்கிழமை ஊருக்கு வருவான். ஞாயிறு ஓய்வெடுக்காமல் கூடையைத் தூக்குவான். என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவன் என்னை வாங்க போங்க என்றான், நான் அவனை வாடா போடா என்றேன். அது தப்பு என்று நாட்டைத் தூக்கி நிறுத்த வந்த எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கும் சில நாள் வருவான், வாசலோடு நின்றுகொள்வான். அவன் கருத்தை நோட்டில் எழுதியதாக எனக்கு நினைவில்லை. கேட்டிருந்தால்தானே எழுதுவதற்கு.

வேலை முடிகிற ஞாயிறு, அதிகாரியின் ஜீப் புது ரோட்டில் வந்து கோயில் முன்னே நின்றது. மாலை, சந்தனம், பெரியவர்கள் பேச்சு எல்லாம் நடந்தது. அப்போது முனியாண்டி, தோளில் வெறுங்கூடையோடு, கூட்டத்தின் ஓரத்திலிருந்து கேட்டான்.

"ஐயா, ரோடு இதோட முடிஞ்சிருச்சுங்களா?"

அதிகாரி வரைபடத்தை விரித்துப் பார்த்தார். "இதுல இங்கதான முடியுது. ஏன், இன்னும் இருக்கா? யார் போட்ட படம் இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் என் காது சூடேறியது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆள் பட்டியலும் என் கையெழுத்து, படமும் என் கையெழுத்து. மண் சுமக்க எழுதிய வீடுகளை, ரோடு போகிற படத்தில் நான் போடவே இல்லை.

கூட்டம் கலைந்ததும் முனியாண்டியிடம் போய், தப்பு நடந்துபோச்சு என்றேன்.

"தப்புன்னு நான் சொல்லலீங்களே" என்றான் அவன். "எப்பவும் போலத்தான் போட்டிருக்கீக."

4

வசந்தாவின் விண்ணப்பம் வந்த அதே வாரம் அவளுடைய பேச்சுப்போட்டியும் நடந்தது. வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான போட்டி. தலைப்பைக் கேட்டால் சவரிமுத்து நம்ப மாட்டான்: 'நம் நாட்டின் எதிர்காலச் சவால்கள்.' மலாயில் பேச வேண்டும். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் மலாய் கடைத்தெரு மலாய். மீன் விலை கேட்கலாம், பஸ்ஸை நிறுத்தலாம். ஒரு தடவை தபால் ஆபீசில் தபால்தலை கேட்கப்போய்ப் பூட்டு கேட்டுவிட்டு, திண்டுக்கல்காரன் புத்தி எங்கே போகும் என்று ராஜம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஆகவே மகள் பேசியதில் பாதிதான் புரிந்தது.

புரிந்த பாதியைச் சொல்கிறேன். ரப்பர் விலை ஒருநாள் விழும், செயற்கை ரப்பர் வந்துவிட்டது, அன்றைக்கு இந்த நாடு என்ன செய்யும் என்று கேட்டாள். மலாய், சீன, இந்திய என்று மூன்று இனத்துப் பிள்ளைகளும் மூன்று மேஜையில் தனித்தனியாகச் சாப்பிட்டுவிட்டு ஒரே நாடு என்று பாடினால் போதுமா என்றாள். மூன்றாவதாக, தோட்டத்துப் பிள்ளைகள் ஆறாம் வகுப்போடு நின்று மரம் சீவப் போகிறார்கள், அவர்களை ஏழாம் வகுப்புக்குக் கூட்டிப்போக யார் வரப்போகிறார்கள் என்றாள். அதைக் கேட்கும்போது அவள் குரல் உடைந்தது. சாயங்காலம் லயத்தில் பதினைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் பாடம் சொல்லிக்கொடுப்பது எனக்குத் தெரியும். பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

பக்கத்திலிருந்த மலாய்க்காரர், யாரோ ஒரு பையனுடைய அப்பா, இது யார் பெண் என்று கேட்டார். என் பெண் என்றேன். "நாட்டுக்கு வேண்டிய பிள்ளை" என்றார். தலையாட்டினேன். அந்தப் பிள்ளையின் பையில் சிவப்பு அட்டை இருப்பது அவருக்குத் தெரியாது.

இரண்டாம் பரிசு. வீட்டுக்கு வந்ததும் ராஜம்மாள் சோறு போட்டாள். வெஞ்சனம் வைக்கட்டுமா என்று அவள் கேட்க, வசந்தா, "வெஞ்சனம்னா சாயோர்தானே?" என்றாள். காய்கறிக்கு இங்கே மலாயில் அப்படிச் சொல்வார்கள். நூறு தடவை சொல்லியும் அந்தச் சொல் அவளுக்கு ஒட்டவில்லை. எனக்குச் சுருக்கென்றது. எதற்கோ கோபப்பட்டு எதையோ சொன்னேன்.

"அந்த மேடையில நம் நாடு நம் நாடுன்னு சொன்னியே, திண்டுக்கல்லை ஒரு தடவையாவது நெனச்சியா?"

அவள் தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"நெனச்சா என்ன பேசுவேம்பா? எனக்கு அங்க ஓடை எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. இங்க எந்த லயத்துல எந்தப் புள்ள பள்ளிக்கூடத்துக்கு வரலன்னு தெரியும். தெரிஞ்ச இடத்தைப் பத்தித்தானே பேச முடியும்?" தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "மூணாவது சவாலுக்கு யார் வரப்போறாங்கன்னு கேட்டேன்ல. நான் வரேன்னு சொல்லத்தான் ஆசை. சொல்ல முடியல. கார்டு செவப்பா இருக்கு."

ராஜம்மாள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

5

ரோட்டுக் கதையில் பாக்கியைச் சொல்லிவிடுகிறேன்.

கோயிலிலிருந்து சேரிக்குப் போக வேண்டுமானால் எங்கள் தோட்டத்து ஓரமாகத்தான் வழி. எட்டடி அகலம் எங்கள் பட்டா நிலத்தில் போகும். அப்போது அதில் சின்ன வெங்காயம் போட்டிருந்தோம், எடுக்க இருபது நாள் இருந்தது. அப்பாவிடம் கேட்டேன்.

"ரோடு போடுங்கடா, வேணாங்கல. நம்ம வெங்காயத்து மேலதான் போடணுமா? அவுகளுக்கு இம்புட்டு நாளும் ஒத்தையடிப் பாதை இருக்குல்ல."

"மழையில அங்க ஒரு பிள்ளத்தாச்சிய கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்கப்பா, போன வருஷம். நீங்களும்தான் பாத்தீங்க."

"பாத்தேன். அதுக்கு என்னங்கற?"

இனிச் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. அடுத்த ஞாயிறு காலை சவரிமுத்துவும் முனியாண்டியும் நானும், இன்னும் நாலைந்து பேரும், கயிறு பிடித்துக் கோடு போட்டோம். நான்தான் முதல் வெங்காயத்தைப் பிடுங்கினேன். அப்பா வரப்பில் வந்து நின்றார். அடிப்பார் என்றே நினைத்தேன். முனியாண்டி கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். அவனுக்குத்தான் முதலில் விழும் என்பது அவனுக்குத் தெரியும்.

நாங்கள் பிடுங்கிப் பிடுங்கிக் குவித்தோம். பிறகு அப்பா, "ஏலே, புடுங்குனத இப்படி வெயில்லயா போடுவீக? வெந்து போகும்டா" என்றார். குவியலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தாளை முடிந்து கொத்துக் கொத்தாகக் கட்ட ஆரம்பித்தார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. நிலத்தை விட்டுக்கொடுக்க மனசில்லாத மனிதருக்கு வெங்காயத்தை வீணாக்கவும் மனசில்லை. செத்த நேரம் கழித்து முனியாண்டி பக்கத்தில் போய் அவனும் கட்டினான். இரண்டு பேரும் ஒரே குவியலில் கை வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கு அப்புறம் ஆறு ஞாயிறு வேலை நடந்தது. ரோடு ஓடையின் இக்கரை வரைக்கும் வந்துவிட்டது. ஓடையில் குழாய் பதித்து அக்கரைக்கு ஏற்றுவதுதான் பாக்கி. அந்த நேரம்தான் இந்த ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்த என் மாமாவிடமிருந்து கடிதம். இடம் காலி இருக்கிறது, சட்டம் இறுகப்போகிறது, கிளம்பு, இப்போது விட்டால் பிறகு நுழைய முடியாது என்று எழுதியிருந்தார். எனக்குக் கல்யாணமாகி, மூன்று வயசுக் குழந்தை இருந்தது. சங்க நோட்டைச் சவரிமுத்து கையில் கொடுத்தேன். முனியாண்டியிடம் சொல்லப் போனபோது அவன் ஓடைக்குள் இறங்கிக் கல் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஓடை எங்கயும் ஓடிப்போயிராது. நீங்க போயிட்டு வாங்க" என்றான்.

நான் போனேன். வரவில்லை. இரண்டு வருடம் கழித்துச் சவரிமுத்து எழுதினான்: குழாய் பதித்தாகிவிட்டது, முனியாண்டியும் அவன் தெருக்காரர்களுமே மழைக்கு முன்னால் முடித்துவிட்டார்கள், உன் அப்பா இப்போது வெங்காய வண்டியை அக்கரை வரை கொண்டுபோய்த்தான் திருப்புகிறார், அங்கேதான் திருப்ப வாகாக இருக்கிறதாம்.

அந்தக் கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். வெட்கமாகவும் இருந்தது. தொடங்கியவன் நான், பாதியில் விட்டவனும் நான். அதற்குப் பரிகாரமாக என்னைக்காவது திரும்பிப் போவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவரைக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டை விடக் கூடாது. விட்டால் இரண்டாவது தடவையும் ஓடிப்போனவன் ஆகிவிடுவேன். என் இழுப்பறை ரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் வசந்தா தட்டிலிருந்து கையை எடுத்த அன்று சாயங்காலம், லயத்தில் அவள் பாடம் நடத்துகிற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். இதுவரை போனதில்லை. பதினைந்து பிள்ளைகளுக்கு மூன்று புத்தகம். அவள் ஒரு பையன் கையைப் பிடித்து எழுத வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைகளின் அப்பன்மாருக்கெல்லாம் பாரம் எழுதியவன் நான். பேரெல்லாம் எனக்கு அத்துபடி. அந்தப் பிள்ளைகளுக்காக இந்த நாட்டில் ஒருத்தி வேலை செய்ய நினைக்கிறாள், அவளை நான் ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இதோடு முடிந்தது என்று வைத்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. மறுநாள் ஆபீசில் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு என் பாரத்தின் நாலு பிரதியையும் எழுதினேன்.

சவரிமுத்து, ஆலோசனை கேட்டாய். என்னிடம் ஆலோசனை இல்லை. அரிசி என்று எழுதிய பையனும் வேலை என்று எழுதிய பையனும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நாங்களும் அந்த வயதில் அப்படித்தான் எழுதினோம், அதில் பொய் இல்லை. பஸ் நிற்பதில்லை என்று எழுதிய பெண்ணைக் கூப்பிட்டு முதல் பெஞ்சில் உட்காரவை. அவள் சொல்வதை நோட்டில் முதலில் எழுதச் சொல். அந்த பஸ்ஸை நிறுத்த என்ன வழி என்று மற்ற பிள்ளைகளெல்லாம் பேசட்டும். பேசிவிட்டு ஒருநாள் காலையில் எல்லோருமாகப் போய் அந்தத் தெரு முனையில் நின்று கை காட்டட்டும். நிற்காவிட்டால் மறுநாளும் நிற்கட்டும்.

6

விண்ணப்பம் போட்டால் மட்டும் போதாது. போட்டோ, மானேஜர் கடிதம், இரண்டு சாட்சி, வந்த கப்பலுக்கு அத்தாட்சி. அத்தாட்சி தேடி ஒரு வாரம் பெட்டிகளைக் குடைந்தோம். ராஜம்மாள் தன் முகூர்த்தப் புடவை மடிப்பிலிருந்து டிக்கெட்டின் கிழிந்த பாதியை எடுத்துக் கொடுத்தாள். சாட்சிக்கு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரும், எங்களுக்குத் தபால் கொண்டுவருகிற மலாய்க்காரரும் வந்தார்கள்.

மலாய்ப் பரீட்சைக்கு வசந்தா சொல்லிக்கொடுத்தாள். பத்து நாள், ஆபீஸ் விட்டு வந்ததும். "அப்பா, நீட்டி முழக்காதீங்க. தமிழ்ல பேசுற மாதிரியே பேசப் பாக்குறீங்க. சின்னச் சின்னதாச் சொல்லுங்க" என்பாள். ஆயிரம் பாரம் எழுதியவனுக்கு வாய் குழறியது. ஒரு நாள் அவள் பொறுமை இழந்து தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் அவளே டீ போட்டுக் கொண்டுவந்து மறுபடி ஆரம்பித்தாள்.

ரசீதைக் காட்டியதால் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். குடியுரிமை நேர்முகத்தில் நான் தேறினால்தான் அது செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அழைப்பு வந்தது.

டவுன் ஆபீசில் அதிகாரி ஒரு மலாய் இளைஞர். இருபத்தைந்து வயசுக்கு மேல் இருக்காது. நான் மேஜைக்கு முன்னே உட்கார்ந்தேன். வசந்தா என் பின்னால் சுவரோரம் நின்றாள். பெயர் என்ன, என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். சொன்னேன். சந்தையில் என்ன வாங்குவீர்கள் என்றார். மீன், காய், தேங்காய் என்றேன். சிரித்தார். பிறகு பாஸ்போர்ட்டைக் கேட்டார். எடுத்து மேஜைமேல் வைத்தேன். அட்டையில் என் விரல் பட்ட இடமெல்லாம் சாயம் போயிருந்தது. அவர் அதை ஒரு தட்டில் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"இனிமேல் இந்தியாவுக்குத் திரும்பிப் போய்விடுவீர்களா?"

வசந்தா சொல்லிக்கொடுத்த கேள்விகளில் இது இல்லை. தமிழில் கேட்டிருந்தால் பதில் எனக்குத் தயாராக இருந்தது. அப்பாவுக்கு வயசாகிவிட்டது, நிலம் இருக்கிறது, முடிக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதின்மூன்று வருடமாகச் சொல்லிவந்ததை மறுபடி ஒரு முறை சொல்லியிருப்பேன். மலாயில் என்னிடம் அவ்வளவு வார்த்தை இல்லை. 'போக மாட்டேன், இங்கேதான் இருப்பேன்' என்கிற அளவுக்குத்தான் இருந்தது. அதைச் சொன்னேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. பதில் பாதிதான் வெளியே வந்திருக்கும் போலிருக்கிறது. அதிகாரி காதைக் கொஞ்சம் முன்னே கொண்டுவந்து, இதை எழுதிக்கொள்ள வேண்டும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார்.

திரும்பிப் பார்த்தேன். வசந்தா தலையைக் குனிந்துகொண்டு தாவணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை அவளுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.